லயக் காம்பராவில் ஒரு கலையகம்

ஒலிப்பதிவு ஒரு காலத்தில் மாநகரத்துக்கே உரிய கலையாக இருந்தது. மலையகத்துப் பாடகன் ஒருவன் தன் குரலைப் பதிவு செய்ய விரும்பின், கொழும்புக்கு வண்டியேறிக் கலையகத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டியிருந்தது. இன்றோ பண்டாரவளையைச் சூழ்ந்த தோட்டங்களில், பழைய மடிக்கணினி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் உடைய இளைஞன் தன் லயக் காம்பராவிலேயே பாட்டமைக்கிறான். காமன் கூத்துக்கு முழங்கும் தப்பு அவன் கைக்கு எட்டும் தொலைவில் உள்ளது. தான் பதிந்த ஒலியின் இயல்பை உள்ளவாறு கூறும் செவி ஒன்றே அவனிடம் இல்லை. அதனை அவன் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது.

ஒலிபெருக்கி வாங்க இயலாதவன் ஹெட்போன் வாங்குகிறான் என்று கருதுவோர் உளர். லயத்தைப் பொறுத்தவரை அது பொருந்தாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான அறையில், வெற்றுச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி சில தாழ்ந்த சுரங்களைப் பெருக்கியும் சிலவற்றை விழுங்கியும் காட்டும். எத்துணை விலையுயர்ந்த ஒலிபெருக்கியும் அங்கே பொய்யே பேசும். மேலும், சுவருக்கு அப்பால் உறங்குபவர்கள் விடியுமுன் எழுந்து கொழுந்தெடுக்கச் செல்ல வேண்டியவர்கள். ஹெட்போன் வீட்டில் பிறந்த பொருள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 1910இல் அமெரிக்கக் கடற்படைக்கு நதானியேல் பால்ட்வின் செய்தளித்தவை யூட்டா மாநிலத்தில் அவருடைய சமையலறை மேசையில் உருவானவையே.

பின்புறம் திறந்த ஹெட்போன்கள் விசாலமான ஒலியைத் தருவன, இசைவல்லோர் விரும்புவன. ஆயினும் அவற்றிலிருந்து கசியும் ஒலி, பாடும்போது ஒலிவாங்கியுள் மீண்டும் புகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தகரக் கூரையில் மழை விழத் தொடங்கினால் அவற்றினூடே கேட்பதற்கு ஒன்றுமிராது. ஆகவே பின்புறம் மூடியதே இவ்விடத்துக்கு ஏற்றது.

அடுத்துக் கருத வேண்டியது மின்தடை. கடைக்காரர் பெரும்பாலும் இதனைக் கூறுவதில்லை. பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ என்னும் ஹெட்போன் 32, 80, 250 ஓம் என வேறுபட்ட தடைகளில் விற்கப்பட்டு வந்துள்ளது. ஒரு வோல்ட்டு மட்டுமே தரும் கருவியில் இணைத்தால் 32 ஓமுடையது ஏறக்குறைய 31 மில்லிவாட் ஆற்றலைப் பெறும். 250 ஓமுடையதற்குக் கிடைப்பது 4 மில்லிவாட் மட்டுமே. தனியாக ஒலிமிகைப்பான் வாங்க வழியில்லாதவன், பெயரை நம்பிப் பெரிய எண்ணை வாங்கினால் கிசுகிசுப்பையே கேட்பான்.

எல்லாவற்றினும் முக்கியமானது நேர்மை. பாட்டுக் கேட்பதற்கென விற்கப்படும் மலிவான ஹெட்போன்களிற் பல, கேட்போரை மகிழ்விக்கத் தாழொலியை வேண்டுமென்றே மிகைப்படுத்துவன. தப்பின் ஒலியோ இருகூறானது: நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றிய தோலின் அடியொலி ஒன்று, மெல்லிய குச்சி எழுப்பும் ‘சுள்’ளென்ற ஒலி மற்றொன்று. மிகைப்படுத்தும் ஹெட்போனை அணிந்தவன் அடியொலி போதும் போதும் என்று குறைத்துவிடுவான். வெளியூரில் அப்பாட்டைக் கேட்பவர் காதில் தகரப்பேணியைத் தட்டும் ஓசையே விழும். தலைமுறைகளாக இழிவாகப் பேசப்பட்ட ஒரு கருவி, தன் மக்களின் கையாலேயே பதியப்பட்டும் இவ்வாறு மெலிந்து உலகுக்குச் செல்வது சிறிய இழப்பன்று.

விலைக்கு வருவோம். வெளிநாட்டில் 50 டொலர் பெறும் ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். 2022இன் தொடக்கத்தில் டொலர் ஏறக்குறைய 200 ரூபா. அதன் விலை 10,000. அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் 360ஐ அடைந்தபோது 18,000. வரியும் அனுப்புசெலவும் வேறு. தோட்டத்து நாட்கூலியோ 2021இல் நிர்ணயித்த 1000 ரூபாவாகவே நின்றது. பத்து நாட் பேர் சில மாதங்களில் பதினெட்டு நாட் பேராயிற்று. 2024இல் அடிப்படைக் கூலி 1350 ஆகி, டொலரும் 300 அளவுக்கு இறங்கியபின் அது பதினொரு நாட் பேர். பெரும்பாலும் அவை அவன் தாயின் பேர்கள். மகனின் ஹெட்போனைப் பற்றி ஆடம்பரம் என்று பேசுவோர் இக்கணக்கை அறியாதவர் அல்லர். அத்தாய் அதனை அறிந்தே கொடுக்கிறாள் என்பதைத்தான் அவர்கள் அறியார்.

இந்நிலையில் 2014இல் வெளிவந்த ஓடியோ டெக்னிக்கா எம்20எக்ஸ் போன்ற எளிய வகை பலருக்குப் போதுமானது. 47 ஓம், மூடியது, கைபேசியிலும் இயங்கும். ஆனால் அதன் கம்பி கழற்ற முடியாதது. அறுந்தால் பற்றவைக்க வேண்டும். அதே வரிசையில் சற்று விலைகூடிய எம்40எக்ஸில் கம்பியைக் கழற்றி மாற்றலாம். நாள்தோறும் உழைக்கும் பொருளுக்கு இவ்வேறுபாடு ஒலியின் வேறுபாட்டைவிடப் பெரிது. 1991 முதல் ஒலிப்பதிவாளரிடையே புழங்கிவரும் சோனி எம்டிஆர் 7506 உயரொலியைக் கூர்மையாகக் காட்டும். குரலின் குறைகளைத் தேட நன்று, நெடுநேர வேலைக்குக் காது சலிக்கும்.

வாங்கிய பின் ஒரு வாரமாவது எதனையும் பதியாது, நன்கறிந்த பழைய பாட்டுகளையே அதிற் கேட்டிருத்தல் வேண்டும். அதன் சாய்வு எப்பக்கம் என்பது அப்போதுதான் புலப்படும். பாட்டை முடித்தபின் சந்தியில் நிற்கும் ஓட்டோ ஒன்றின் ஒலிபெருக்கியிலும் போட்டுப் பார்க்கலாம். தப்பின் அடியொலி அதிற் கேட்காமற் போனால், இரவு மீண்டும் உட்கார வேண்டியதுதான்.