18 பக்க ஒப்பந்தமும் கொஞ்சம் கண்ணீரும்

பூதிகோட்டையிலிருந்து தங்கச்சி போன். "அண்ணா, பையன் டிவி பாட்டுப் போட்டிக்கு செலக்ட் ஆயிட்டான்!" லண்டனில் அப்போதுதான் விடிந்திருந்தது. தூக்கம் போன இடம் தெரியவில்லை. தெரியாதவர்களுக்கு: பூதிகோட்டை, கோலார் தங்கவயல் பக்கம், ஹைதர் அலி பிறந்த ஊர். அவருக்கப்புறம் எங்க ஊரிலிருந்து யாரும் பெருசா கிளம்பலை :-)

மறுநாள் வாட்ஸப்பில் 18 பக்க ஒப்பந்தம். "நீங்க பேங்க்ல இருக்கீங்களே, பார்த்துச் சொல்லுங்க." பார்த்தேன். பையன் பேசுவதை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம். வெளியே வாய் திறக்கக்கூடாது. பாதியில் விலகினால் நஷ்ட ஈடு. அவர்கள் பக்கக் கடமை என்று தேடினால் அரைப் பக்கம் தேறவில்லை. கடன் பத்திரங்களோடு குடும்பம் நடத்துகிறவன் நான். எங்கள் பத்திரங்களும் அப்படி ஒன்றும் யோக்கியம் இல்லை. ஆனால் நாங்கள் யாரையும் அழச் சொல்வதில்லை.

ஆமாம், அதுதான் விஷயம். ஒருங்கிணைப்பாளர் தங்கச்சியிடம் கேட்டிருக்கிறார்: "2001ல சுரங்கம் மூடினாங்களே மேடம், அதுலேர்ந்து அப்பா வேலையில்லாம இருக்கார்னு பையன் சொல்லணும். கொஞ்சம் அழுதா நல்லா வரும்." எங்க தாத்தா சாம்பியன் ரீஃபில் பூமிக்கடியில் வேலை பார்த்தவர். அவர் கதையைக் கேட்டிருந்தால் நிஜமாகவே அழுதிருக்கலாம். மச்சானோ தினமும் விடியற்காலையில் பங்காரப்பேட்டை போய், ரயில் பிடித்து பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிற மனுஷன்.

தயாரிப்பாளர்களைக் குறை சொல்வது சுலபம். செட்டுக்கும் ஆட்களுக்கும் பணம் போட்டவர்களுக்கு தினம் ஒரு எபிசோட் வேண்டும். புகழ் கிடைப்பதும் அதே எடிட்டிங்கால்தான். 2017ல் பிக் பாஸ் தமிழ் முதல் சீசனில் ஓவியா அப்படித்தான் ஊருக்கே செல்லப்பிள்ளை ஆனார். ஆனால் அந்த ஆகஸ்டிலேயே மன அழுத்தத்தோடு வெளியேறினார். 2019ல் மூன்றாவது சீசனில் மதுமிதா தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு வெளியே வந்தார். பிறகு சம்பளப் பாக்கி கேட்டு மிரட்டியதாக சேனல் தரப்பு அவர் மேல் போலீசில் புகார் கொடுத்தது. அவர் மறுத்தார். உள்ளே நடந்த சண்டை பற்றி அவர் சொன்னது ஒன்று, நாம் டிவியில் பார்த்தது ஒன்று. எது முழுசு என்று நமக்கு எப்படித் தெரியும்? கேமராவும் கத்திரியும் ஒரு பக்கம்தானே இருக்கிறது?

நான் இருக்கும் நாட்டிலும் இதே கதைதான். 2019ல் ஜெரெமி கைல் நிகழ்ச்சியில் பங்கேற்ற ஒருவர் இறந்துபோன பிறகுதான் அந்த நிகழ்ச்சியையே நிறுத்தினார்கள். பங்கேற்பவர்களின் நலனை சேனல் கவனித்தாக வேண்டும் என்று ஆஃப்காம் போட்ட விதிகள் 2021 ஏப்ரலில் அமலுக்கு வந்தன. ஒரு உயிர் போன பிறகு வந்த விதி.

பையனுக்கு 17 வயசு. கையெழுத்து போட வேண்டியது மச்சான். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தினம் என்கூட ரயில்ல வர்றவங்க இதைப் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

நான் இரண்டு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். குடும்பக் கதையை எங்களிடம் காட்டிவிட்டுத்தான் ஒளிபரப்ப வேண்டும். படிப்பு, உடம்பு காரணமாக விலகினால் நஷ்ட ஈடு கிடையாது. "எல்லாரும் இதே பேப்பர்லதான் சார் கையெழுத்து போடுறாங்க" என்றார்கள். அப்புறம் அவர்களிடமிருந்து போனே வரவில்லை.

பையன் கடைசியாக என்னிடம் பேசியது: "உங்களுக்கென்ன மாமா, நீங்க லண்டன்ல இருக்கீங்க. எனக்கு இன்னொரு சான்ஸ் யார் குடுப்பா?"

மூணு மாசமாச்சு. தங்கச்சி போன் பண்ணும்போது பின்னால் அவன் பாடுவது கேட்கிறது. போனை மட்டும் வாங்க மாட்டேன் என்கிறான். பத்திரத்தை நான் சரியாகத்தான் படித்தேன். பையனைச் சரியாகப் படித்தேனா என்றுதான் தெரியவில்லை. உங்க வீட்டுப் பிள்ளையாக இருந்தால் நீங்க என்ன செய்திருப்பீங்க?