கடமைப் பட்டியலின் கடைசி வரி

எங்கட பக்கத்தில் ஒருவரை "டீ.ஓ." என்று அறிமுகப்படுத்தினால், கேட்கிறவரின் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வரும். அபிவிருத்தி உத்தியோகத்தர். "கந்தோரில பேப்பர் வாசிக்கவும் சம்பளம்" என்று கலியாண வீட்டுப் பந்தியில்கூட ஒருத்தர் சொல்லுவார். நானும் கலைப்பீடத்தில் கடைசி வருசம். அந்தப் பகிடியில் எனக்கும் இப்பவே ஒரு பங்கு இருக்கு.

வேலையற்ற பட்டதாரிகள் 2017இல் யாழ்ப்பாணக் கச்சேரிக்கு முன்னால் மாதக்கணக்கில் இருந்து போராடினார்கள். பிறகு 2020இல், நாடு முழுக்க 50,000 பட்டதாரிகளுக்கு வேலை என்ற திட்டம் வந்தது. மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு ஒரு வருசப் பயிற்சி. அப்படி நியமனக் கடிதத்தோடு ஒரு பிரதேச செயலகத்துக்குப் போனவர்களில் என்ர பெரியம்மாவின் மகளும் ஒராள்.

முதல் நாள் அக்கா கேட்ட கேள்வி, "சேர், நான் என்ன செய்யிறது?" கிடைத்த பதில், "இப்ப இருங்கோ, பழகுங்கோ, பிறகு பாப்பம்." ஒரு மேசைக்கு மூன்று பேர் இருந்தார்கள். அந்த "பிறகு" வருவதற்கு ஏழு மாதம் எடுத்தது. அதுவரைக்கும் போட்டோக்கொப்பி எடுத்தா, வந்த கடிதங்களுக்கு இலக்கம் போட்டா, லீவில் நின்றவர்களின் கதிரைகளில் மாறி மாறி இருந்தா.

ஏழாம் மாதம் கடமைப் பட்டியல் என்று ஒரு தாள் கையில் வந்தது. பதினொரு இலக்கம். ஒருங்கிணைத்தல், மேம்படுத்தல், வலுப்படுத்தல் என்று எல்லாம் பெரிய பெரிய சொற்கள். எதை, எப்போதைக்கு, யாருக்கு என்று ஒரு இடத்திலும் இல்லை. கடைசி வரி மட்டும் தெளிவு: மேலதிகாரியால் காலத்துக்குக் காலம் ஒப்படைக்கப்படும் ஏனைய கடமைகள். "இந்த ஒரு வரிதான் என்ர வேலை, மிச்சம் பத்தும் அலங்காரம்" என்று சொல்லி அக்கா சிரிச்சா.

அவ சோம்பேறி இல்லை. முதல் மூன்று மாதமும் 8.15க்கே கந்தோரில் நிற்பா. பனை ஓலை வேலை செய்கிற பெண்களின் விபரத்தை ஒரு கொப்பியில் தானாகவே எழுதத் தொடங்கினா. அதுக்காக ஒரு நாள் வெளியே போய்வந்தபோது "ஆரைக் கேட்டுப் போனனீங்கள்?" என்று பேச்சு விழுந்தது. அடுத்த மாதம் ஒரு கூட்டத்தில், "டீ.ஓ.மார் களத்துக்கே போறேல்லை" என்று அதே வாயால் இன்னொரு பேச்சு. அதோட கொப்பி மேசை லாச்சிக்குள் போய்விட்டது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியாத ஆளுக்கு, எது பிழை என்றும் தெரியாது. அப்படியென்றால் ஒன்றும் செய்யாமல் இருக்கிறதுதான் ஆகப் பாதுகாப்பான வேலை. வெளியில் இருந்து பார்க்கிறவர் அதைச் சோம்பல் என்கிறார். உள்ளே இருக்கிறவருக்கு அது தற்காப்பு.

வேலைத்தளங்களை ஆராயும் கேலப் என்ற அமெரிக்க நிறுவனம், ஊழியர்கள் எவ்வளவு ஈடுபாட்டோடு இருக்கிறார்கள் என்று அளக்க 12 விசயங்களைக் கேட்கிறது. அதில் முதலாவது, வேலையில் என்னிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்று எனக்குத் தெரியுமா என்பது. அந்த 12இல் சம்பளம் பற்றி ஒன்றுமே இல்லை. பணவீக்கம் 70 வீதத்தளவுக்குப் போன 2022ஐ இங்கே இருந்து பார்த்த எனக்கு, சம்பளத்தை அப்படி ஒதுக்கிவிட மனம் வராது. ஆனால் முதலாவது கேள்வியோடு எனக்குச் சண்டை இல்லை. ஏனென்றால் 2024இல் அதே அக்காவை வேறு ஆளாகப் பார்த்தேன்.

அந்த வருசம் குடிசனத் தொகைமதிப்பு நடந்தது. 2012க்குப் பிறகு முதல் தடவை. அக்கா கணக்கெடுப்பாளராகப் போனா. பயிற்சி, கையில் ஒரு ரப், ஒரு வரைபடம். அந்த வரைபடத்துக்குள் இருக்கிற ஒவ்வொரு வீடும் அவவின் பொறுப்பு. என்ன கேட்க வேணும், எந்த ஒழுங்கில் கேட்க வேணும், சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் எடுக்க வேணும் என்று எல்லாம் முதலே சொல்லப்பட்டிருந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டின வீடுகள் எங்கட ஒழுங்கைகளில் எத்தனை! அவற்றை எப்படிப் பதிவது என்பதற்கும் வழிகாட்டல் இருந்தது.

நவம்பர் கடைசியில் வெள்ளம் வந்தது. யாழ்ப்பாணம் முழுக்கத் தண்ணி. கொஞ்சம் வடிந்ததும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா படலை படலையாக ஏறி இறங்கினா. ஒருவரும் அவவைத் துரத்தவில்லை. இரவு சாப்பிடும்போது, "இன்னும் ஒன்பது வீடு இருக்கு" என்று தானாகச் சொல்லுவா. நாலு வருசத்தில் தன்ர வேலையைப் பற்றி அவ இலக்கத்தில் கதைச்சு நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

இலக்கம் இருந்தால் போதும் என்றும் இல்லை. ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற ஒரு சிநேகிதிக்கு, மணித்தியாலத்துக்கு எத்தனை துண்டு என்பது மிகத் தெளிவாகத் தெரியும். அவளுக்கு அந்த இலக்கத்தில் விருப்பம் ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டால், "ஏன் அத்தனை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, ஏலாது எண்டு சொல்லவும் இடமில்லை" என்கிறாள். அக்காவுக்குக் காரணமும் தெரியும், கேள்வி கேட்க ஒரு ஆளும் இருந்தது.

அக்காவின் மேலதிகாரியை மட்டும் குறை சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. வேலை ஒன்று இருந்து அதுக்கு ஆள் எடுக்கவில்லை. ஆட்கள் வேலை கேட்டார்கள், தேர்தல் வந்தது, நியமனம் வந்தது. வேலையைப் பிறகு தேட வேண்டியிருந்தது. அவருக்கும் மேலே இருந்து பெயர்ப் பட்டியல்தான் வந்திருக்கும். ஆனாலும் ஒரு அரைமணித்தியாலம் இருந்து, "இந்த மூன்று கிராமமும் உங்கட பொறுப்பு, மாதக் கடைசியில எனக்கு இந்த விபரம் வேணும்" என்று சொல்ல எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

தொகைமதிப்பு முடிந்து மேசைக்குத் திரும்பின கிழமையில் அக்கா ஒரு வேலை செய்தா. தான் செய்யக்கூடிய நாலு விசயத்தை அரைத்தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி போட்டு, சேரின் மேசையில் வைச்சா. அவர் வாசித்து, ஒன்றை வெட்டி, மிச்சம் மூன்றுக்கும் கீழே கையெழுத்து வைத்தார். அந்த மூன்றில் ஒன்று பழைய ஓலைக் கொப்பி.

நேர்முகத் தேர்வுக்குப் போனால் "என்ர கடமைப் பட்டியல் எப்ப கிடைக்கும்?" என்று நான் கேட்கலாமோ என்று போன கிழமை அவவிடம் கேட்டேன்.

"முதல்ல வேலையை எடு. பிறகு அரைத்தாளோட போ" என்றா.