மூன்று சோற்று உருண்டைகள்

அன்று வெள்ளிக்கிழமை. பகல் சாப்பாட்டுக்குச் சூடை மீன் ஆணம். பாதிச் சாப்பாட்டில் மூத்தம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

“முள்ளுத்தான் மகள். சோத்த உருட்டித் தாங்க.”

நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள். களம் எங்கே தொடங்குகிறது, வாதனாளி அதற்கு முன்னால் எப்படி இருக்கிறது என்று படம் கீறிப் பெயரிடுவதில் எனக்குப் புள்ளி குறைந்ததில்லை. ஆனாலும் உருட்டினேன். ஆணம் படாத வெறும் சோறு, தேசிக்காய் அளவில் மூன்று உருண்டைகள். மெல்லாமல் விழுங்கச் சொன்னதும் நான்தான். மேலே ஒரு வாழைப்பழமும் கொடுத்தேன். “எறங்கிட்டு” என்று மூத்தம்மா சிரித்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. எச்சில் விழுங்கவே முகம் சுளித்தார். கழுத்தின் இடப்பக்கம் வீங்கி, தொட்டால் சுட்டது. கூவைக்கட்டு என்றார்கள் பக்கத்து வீட்டார். ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் முள் தெரியவில்லை. மெல்லிய மீன் முள் பல நேரங்களில் எக்ஸ்ரேயில் விழாதாம். சீ.ரீ. ஸ்கேனில்தான் கண்டார்கள். களத்தின் மேற்பகுதிச் சுவரைத் துளைத்துக்கொண்டு அது கழுத்துக்குள் போயிருந்தது. சுற்றிலும் சீழ்.

“சோத்து உருண்டை குடுத்தீங்களா?” என்று டாக்டர் கேட்டார். உம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை.

“நான்தான் கேட்டுத் திண்டன்” என்று கரகரத்த குரலில் மூத்தம்மா முந்திக்கொண்டார்.

டாக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். உருண்டை சில வேளை முள்ளைக் கொண்டுபோய்விடும், சில வேளை இன்னும் ஆழமாகக் குத்திவிடும் என்றார். சீழ் பெருகினால் மூச்சு வழியை நெரிக்கலாம். தொண்டைக்குப் பின்னால் வழிந்து நெஞ்சறைக்கும் இறங்கலாம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடியும் அந்தக் கழுத்தில்தான் ஓடுகிறது. அந்த நாடியையும் நான் படம் கீறியிருக்கிறேன்.

கழுத்தைத் திறந்து சீழையும் முள்ளையும் எடுத்தார்கள். மூக்கில் போட்ட குழாயால்தான் பல நாட்கள் சாப்பாடு போனது. முள்ளைச் சின்னப் போத்தலில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு சென்றிமீற்றர்கூட வராது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில் மூத்தம்மா மறுபடியும் சூடை ஆணம் கேட்டார். நான் பக்கத்திலிருந்து முள் பொறுக்கினேன். “எனக்கென்ன கண் தெரியாதா?” என்று கோபம் வேறு.

சென்ற கிழமை தம்பிக்கு முள் சிக்கியது. நம்பமாட்டீர்கள், என் கை தானாகச் சோற்றுப் பக்கம் போனது. மூத்தம்மா அதைத் தட்டிவிட்டு, வாப்பாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்:

“மருமகன், மோட்டார் சைக்கிள எடுங்க!”