பாட்டியின் வசனம்

அம்பாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியின் நாடக விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தக் கூப்பிட்டார்கள். வேலை முடிந்து எல்.ஆர்.டி.யில் போகும்போது டி.கே. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' படித்துக்கொண்டிருந்த நேரம் அது. 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபாவில் சேர்ந்தபோது சண்முகத்துக்கு ஆறு வயது. பாட்டும் வசனமும் மனப்பாடமாக வந்தாக வேண்டும். அங்கே பயிற்றுவிப்பவருக்குப் பெயர் வாத்தியார். எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. பொறியாளன் புத்தி வேறு. யார் எந்தச் சொல்லில் நுழைய வேண்டும் என்று அட்டவணையே போட்டேன்.

ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்திதான் பாட்டி. வீட்டைவிட்டு ஓடிப்போன பேரன் திரும்பி வருகிறான். "எங்கே சென்றிருந்தாய், என் செல்வமே?" இது நான் எழுதிய வசனம். ஒத்திகையில் அவள் ஒவ்வொரு முறையும் "எங்கடா போன?" என்றாள். ஒவ்வொரு முறையும் திருத்தினேன். ஒருநாள் சத்தமும் போட்டேன். நாலாவது வாரம் சரியாகச் சொல்லிவிட்டாள். குரல்தான் செத்திருந்தது. எனக்கு அப்போது அது கேட்கவில்லை.

விழா அன்று வசனம் மறந்துவிட்டது. திரை ஓரத்திலிருந்து நான் எடுத்துக் கொடுத்தது அவளுக்கு எட்டவில்லை. பேரன் விழிக்கிறான். அவள் மெதுவாக அவன் கன்னத்தைத் தொட்டு, "சாப்பிட்டியாடா?" என்றாள். பின்வரிசையில் ஓர் ஆயா மூக்கை உறிஞ்சுவது மேடைவரை கேட்டது.

நடுவர்கள் மொழிநடையில் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

"அண்ணே, நான் தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லம்மா. அதான் நல்லா இருந்துச்சு."

"அப்ப அன்னிக்கு ஏன் ஏசுனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், நாசி லெமாக் பொட்டலம் தருகிறார்கள் என்று யாரோ கத்த, ஓடிவிட்டாள்.