குடிமல்லம் கண்டோம்

திருமலைக்கு நாங்கள் ஐந்து முறை சென்றதுண்டு. ஐந்து முறையும் வரிசையில் நின்று, வேங்கடவனைக் கண்ணிமைப்பொழுது கண்டு, லட்டுடன் சென்னைக்குத் திரும்பி, மறுநாளே மலேசியாவுக்கு விமானம் ஏறியவர்கள் நாங்கள். ஆறாம் முறை மகள் பிடிவாதம் பிடித்தாள்: "மலைக்குக் கீழே ஒன்றுமே இல்லையா, அப்பா?" அக்கேள்விதான் எங்களைக் குடிமல்லத்துக்கு இட்டுச் சென்றது.

வழியில் பாப்பாநாயுடுப்பேட்டை. வழிவழியாகக் கண்ணாடி மணி செய்து வந்த ஊர். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழாயில் சேர்த்து உலையில் வைத்து, மறுமுனையிலிருந்து மெல்லிய குழலாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி மணியாக்குவது அவர்கள் மரபு. அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் நடந்ததும் இவ்வகைத் தொழிலே. அத்தகைய மணிகள் கடல் கடந்து எங்கள் கெடா மாநிலத்துச் சுங்கை மாஸ் வரை கிடைத்திருக்கின்றன. நமக்கு முன்பே நம் மணிகள் குடியேறிவிட்டன என்று மனைவி சொன்னபோது சிரித்தோம்.

குடிமல்லம் வயல்களுக்கு நடுவே, சுவர்ணமுகி ஆற்றை அடுத்திருக்கும் சிற்றூர். பரசுராமேசுவரர் கோயிலில் எங்களையன்றி வேறு யாத்திரிகர் இல்லை. திருமலையின் நெரிசலிலிருந்து வந்த எங்களுக்கு அந்த அமைதியே புதிதாக இருந்தது. யானையின் பின்புறம் போல் வளைந்த கருவறை, முன்மண்டபத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. உள்ளே ஏறக்குறைய ஐந்தடி உயர இலிங்கம். அதன் முகப்பில், குறளுருவன் ஒருவன் தோள்மீது சிவபெருமான் நிற்கிறார். ஒரு கையில் ஆட்டுக்கிடாய், மறுகையில் சிறு கலம், தோளில் பரசு. கிறித்துவுக்கு முற்பட்டது என்று அறிஞர் பலர் கணிக்கும் இதனை, 1911-ல் கோபிநாத ராவ் உலகறியச் செய்தார். 1973-74-ல் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, முதலில் இது வெட்டவெளியில், கல்வேலி சூழ நின்றது என்பது புலனாயிற்று. வேடன் போன்ற அந்த முகத்தின் எதிரே, கேட்க எண்ணி வந்த வரங்கள் எமக்கு நினைவுக்கு வரவில்லை.

வெளியே வந்தபோதுதான் சோதனை. சுவர்களில் பல்லவர், பாணர், சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள். விக்கிரம சோழன் காலத்தில், 1126-ல், கோயில் புதுப்பிக்கப்பட்ட செய்தியும் அவற்றுள் உண்டு. பூக்கூடையுடன் வந்த முதிய அம்மையார் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார். தெலுங்கு கலந்த தமிழில், "நீங்க அரவம்தானே? இதிலே என்ன எழுதியிருக்கு?" என்றார்.

மூன்று தலைமுறையாகத் தோட்டத்துப் பள்ளியில் தமிழ் காத்த குடும்பம் எங்களுடையது. சங்க மேடையில் தமிழ் பற்றி முழங்கியதும் உண்டு. எமக்கு ஒரு வரியும் படிக்க இயலவில்லை. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இப்பகுதி எவருக்கு என நடந்த வழக்கையெல்லாம் சொல்லத் தெரிந்த நாவுக்கு, கேட்ட ஒன்றுக்கு விடை கிடைக்கவில்லை. "பழைய எழுத்து அம்மா" என்று தடுமாறினோம். மகள் மட்டும் கல்லில் விரல் வைத்து, "இது 'ட' மாதிரி இருக்கிறது, இது 'ப'" என்றாள். அம்மையார் அவளுக்கு ஒரு முழம் கதம்பம் அளித்தார். காசு வாங்க மறுத்தார்.

மாலையில் காளத்தி சென்றோம். 2010-ல் இடிந்து வீழ்ந்து, பின்னர் புதிதாக எழுப்பப்பட்ட இராசகோபுரத்தை வணங்கினோம். மகளோ, குடிமல்லத்துச் சுவரிலிருந்து தன் குறிப்பேட்டில் வரைந்து வந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாள் இன்றும் எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. இதுவரை நாங்கள் கண்டறிந்தவை ஏழு எழுத்துகள்.