கச்சான் அடிக்கும் மாதம்

மதுரையில் இருக்கும் எனக்கும் டொராண்டோவில் இருக்கும் அந்த அக்காவுக்கும் நடுவே முதல் நான்கு மாதம் ஓடியதெல்லாம் வெறும் குறிப்புகள். பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சாக்கி இணையத்தில் ஏற்றும் சிறு குழு எங்களுடையது. திரையில் இடப்பக்கம் அச்சுப் பக்கத்தின் படம், வலப்பக்கம் எழுத்துணரி படித்துக் கொடுத்த உரை. நான் மெய்ப்புப் பார்ப்பேன், அவர் சரிபார்ப்பார். விக்கிமூலத்திலும் இதே முறைதான். ஒருவர் பார்த்தால் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவரும் பார்த்தால்தான் பச்சையாகும். தான் பார்த்ததைத் தானே பச்சையாக்கிக்கொள்ள முடியாது. அடுத்த ஆளை நம்பியே நடக்கிற வேலை. அந்த அடுத்த ஆள் யார், எந்த ஊர் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மட்டக்களப்புப் பக்கத்துக் கிராம வாழ்க்கையைச் சொல்லும் நூல் ஒன்று கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கெல்லாம் வெகுகாலம் முந்தைய அச்சு. 'னை'யும் 'லை'யும் துதிக்கை தூக்கி நிற்கும். எழுத்துணரி அவற்றைக் கண்டு திணறும். பக்கத்துக்கு முப்பது, நாற்பது பிழை. திருத்தித் திருத்தி, எதைப் பார்த்தாலும் பிழையாகத் தெரியும் நிலைக்குக் கண் வந்திருந்த நேரத்தில், ஆடி மாதத்தில் கச்சான் அடிப்பதாக ஒரு வரி வந்தது. இலங்கையில் கச்சான் என்றால் நிலக்கடலை என்று எனக்குத் தெரியும். கடலையை அடிப்பார்களா, உடைப்பார்களா? 'உடைக்கும்' என்று மாற்றினேன். 'அச்சுப்பிழை, திருத்தப்பட்டது' என்று பக்கத்தில் குறிப்பும் எழுதினேன்.

அவர் அதைப் பழையபடி ஆக்கினார். காரணம் எழுதவில்லை. நான் மறுபடி மாற்றினேன், அவர் மறுபடி. மூன்றாவது முறை, 'காரணம் சொல்லாமல் மாற்ற வேண்டாம்' என்று எழுதினேன். 'ஆறுதலா கதைப்பம்' என்று பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. ஆறுதல் சொல்லும்படி எனக்கு என்ன நேர்ந்துவிட்டது? அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்த நூல் அப்படியே கிடந்தது. நானும் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

குழுவில் மூத்தவர் ஒருவர்தான், "எழுதினது போதும், பேசுங்க" என்றார். ஒரு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு அழைத்தேன். அங்கே காலை ஒன்பதரை. எடுத்ததும், "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றார். எனக்கு அம்மா வயது இருக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை, மட்டக்களப்பில் கடலோரத்து ஊர்க்காரர், போர்க்காலத்தில் ஊரைவிட்டுப் போனவர்.

"கச்சான் எண்டா காத்துத் தம்பி" என்றார்.

தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குப் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றிச் சுடுகாற்றாகிவிடும். ஆனி, ஆடியில் மட்டக்களப்பில் வீசும் அந்தக் காற்றுக்குத்தான் கச்சான் என்று பெயர். நண்பகலில் வெளியே தலைகாட்ட முடியாதாம். அவருடைய தகப்பனார் வாசலில் சாக்கை நனைத்துக் கட்டித் தொங்கவிடுவாராம். சாக்கு காய்ந்ததும் மறுபடி தண்ணீர் தெளிப்பது சிறுமியான இவருடைய வேலை. அந்தச் சாக்கின் வாசனையைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் நின்று வந்தது. 'அடிக்கும்' என்ற அந்த ஒரு சொல்லை நான் மூன்று முறை அழித்திருக்கிறேன்.

'ஆறுதலா' என்றால் அவசரப்படாமல், நிதானமாக என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அகராதியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று சொல்லலாம். சந்தேகம் வந்தவன்தான் அகராதியைத் திறப்பான். எனக்குச் சந்தேகமே வரவில்லை. எழுத்தில் அனுப்பும் குறிப்பு கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேட்கத் தெரியாத விஷயங்கள் சாப்பாடு, வெயில், பிள்ளைகள் என்று ஊர்க்கதை பேசும்போது தானாக வந்து விழுகின்றன. சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்த உ.வே.சா., சமணக் கருத்துகள் பிடிபடாமல் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்கு நடந்தார். அவர்களோடு பழகிக் கேட்டுத் தெளிந்த பிறகுதான் 1887இல் அந்தப் பதிப்பு வந்தது. ஏட்டில் இருந்த எழுத்தைப் படிக்க அவருக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை. பொருள் அந்த வீடுகளில் இருந்தது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திறந்தால், தலைப்பிலேயே தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நன்றியோடு நிற்கும். பல நாடுகளில் இருந்துகொண்டு உழைத்தவர்கள். முன்பெல்லாம் அந்த வரிகளைத் தாண்டி நேரே நூலுக்குப் போய்விடுவேன். இப்போது நின்று படிக்கிறேன். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லோரும் கூடிப் பேசும் இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர் வைத்தவர்கள் மீதும் எனக்குத் தனி மரியாதை உண்டு. வேலைக்கு முன்னால் உட்கார ஒரு நிழல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது சனிக்கிழமை அழைப்பில் முதல் அரை மணி நேரம் நூலைத் தொடுவதில்லை. புதிதாகச் சேருபவர் யாரானாலும், முதல் பக்கத்தைக் கொடுக்கும் முன் நான் அழைத்துப் பேசிவிடுகிறேன். இதனால் வேலை தாமதமாகிறது என்று குழுவில் ஒருவருக்குக் குறை. ஆறு வாரம் ஒரு நூல் பூட்டிக் கிடந்ததை அவர் பார்த்ததில்லை. பழகிவிட்டால் பிழை சொல்ல மனம் வராது என்றும் சிலர் நினைக்கிறார்கள். நான் கண்டது நேர்மாறு. "இந்தப் பக்கம் சரியில்லைத் தம்பி, மறுகா பாருங்க" என்று அக்கா இப்போது ஒரே வரியில் எழுதுகிறார். சிறு வருத்தமும் இல்லாமல் மறுபடி பார்க்கிறேன். அந்த வரியை அவர் குரலில்தான் படிக்கிறேன்.

போன சித்திரையில் எங்கள் பக்கத்து நூல் ஒன்றைச் சரிபார்க்கும்போது ஓரிடத்தில் கை வைக்காமல் ஒரு கேள்வி விட்டிருந்தார்: 'கம்மாய் எண்டா என்ன தம்பி? எழுத்துப் பிழையா, ஊர்ச் சொல்லா?' கண்மாயைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம் என்று எழுதப் போனவன், வண்டியை எடுத்துக்கொண்டு ஊர்க்கோடிக்குப் போய் வீடியோவில் அழைத்தேன். கரை, மடை, கரைமேல் நிற்கும் புளியமரம் எல்லாம் காட்டினேன்.

"எங்கட குளம் மாதிரித்தான் இருக்கு" என்றார். பிறகு, "தண்ணி எங்க தம்பி?"

ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி வந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.