கிதாருக்கு ஒரு மைக்

“மின்சாரக் கிதாரின் வயரை நேரே கணினியில் செருகினால் போயிற்று; நடுவிலே மைக் எதற்கு?” என்று கேட்கும் நண்பர்கள் நம் கல்லூரியில் உண்டு. வயர் தருவது பாதி நாதம்தான், நண்பர்களே! ஆம்ப்ளிஃபையர் அதை முறுக்கேற்ற, ஸ்பீக்கரின் தாள்கூம்பு அதிர்ந்து காற்றைத் தள்ளும்போதுதான் நாம் தலையாட்டும் அந்த ஓசை பிறக்கிறது. காற்றில் பிறந்ததைக் காற்றில்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் மெல்லிசைக் குழு மூன்று பாடல்களைப் பதிவு செய்யத் துணிந்தபோது நான் ஓடியது என் பெரியப்பாவிடம். வத்திராயிருப்பில் ரேடியோ செட் கடை வைத்திருந்தவர். கல்யாணம், காதுகுத்து, ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையேற வரும் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியவர். கடையை மூடியபின் மிஞ்சியவை மூன்று பழைய மைக்குகள். மதுரை வியாபாரி ஒருவர் விலை பேசியிருந்தார்.

“உனக்கு வேணுங்கிறதை ஒண்ணு எடுத்துக்கோ தம்பி. மத்ததை ஞாயித்துக்கிழமை அவரு வந்து எடுத்துக்குவாரு” என்றார் பெரியப்பா. அந்தப் பணத்தை நம்பித்தான் பெரியம்மாவின் முழங்கால் வைத்தியம் நின்றது. அதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

முதலாவது கிரிஸ்டல் மைக். உள்ளே இருப்பது ரோஷல் உப்புப் படிகம். ஈரம் அதற்கு ஆகாது. வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தொட்டால் படிகமே கெட்டுவிடும். தகரக் கூரைக்கடியில் எத்தனை கத்திரி வெயிலைப் பார்த்ததோ, பாவம், அது மூச்சே விடவில்லை.

இரண்டாவது இங்கிலாந்தில் செய்த ரெஸ்லோ ரிப்பன் மைக். காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே மெல்லிய அலுமினிய நாடா ஒன்று தொங்கும். அது ஆட ஆட மின்னோட்டம் பிறக்கும். வியாபாரி அதிக விலை சொன்னது இதற்குத்தான். எங்கள் கிதார் நண்பனும் இதன்மேல்தான் கண் வைத்தான்.

மூன்றாவது அமெரிக்க ஷூர் நிறுவனத்தின் 545. 1959-இல் வந்த யுனிடைன் 3 வகை. சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்த இடைவெளியில் அசையும் டைனமிக் மைக். 1965-இல் வெளிவந்த எஸ்.எம்.57 இதன் தம்பி. உலகெங்கும் கிதார் பெட்டிகளின் முன்னால் காவல் நிற்பது பெரும்பாலும் அந்தத் தம்பிதான்.

ஒரு தேங்காய்க் கிட்டங்கியில் சோதனை நடந்தது. ரிப்பனின் இனிமையை நான் மறுக்கமாட்டேன்; உச்ச சுரங்களில் கூர்மை தணிந்து, நல்லெண்ணெய் தடவினாற்போல் இருந்தது. ஆனால் அது முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும் சாதி. கிதாரோடு, பின்னால் காய் உரித்தவர்களின் ஊர்க்கதையும் பதிவாகிவிட்டது! மலையிலிருந்து இறங்கிய ஆடிக்காற்று ஜன்னல் வழியே வீசியதும் ‘பொம்’மென்று ஓர் இரைச்சல். பலத்த காற்றில் அந்த நாடா தொய்ந்தே போகலாம். தொய்ந்தால் மாற்றித்தர எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

545-ஐ இரண்டு விரற்கடை தூரத்தில் வைத்தோம். கூம்பின் நடுவே ஓசை காதைக் குத்தியது. ஓரம் நோக்கி நகர்த்த நகர்த்தக் கனிந்தது. நெருக்கி வைத்தால் அடிநாதம் கூடியது. அரை அங்குலம் நகர்த்தினால் வேறு கிதார்! பெட்டியை எவ்வளவு அலறவிட்டாலும் அது அசரவில்லை. பின்பக்கப் பேச்சும் வெகுவாக அடங்கியது. பெரியம்மாவின் முழங்காலை நினைத்து நான் முடிவை வளைக்கிறேனோ என்று நண்பன் ஐயுற்றான். கண்ணை மூடச் சொல்லி இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றிப் போட்டேன். மூன்று பாட்டில் இரண்டுக்கு அவன் காட்டியது 545-ஐ. மெதுவான மூன்றாவதுக்கு மட்டும் ரிப்பனை.

ஞாயிறன்று ரிப்பன் மதுரைக்குப் போயிற்று. ஊமைக் கிரிஸ்டலையும் கொசுறாக வாங்கிக்கொண்டார் வியாபாரி.

பெரியப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டி முதல் பாட்டைப் போட்டேன். முழுதும் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. ரெண்டு குழாய் கட்டினா கூமாப்பட்டி வரைக்கும் கேக்குமே!” என்றார்.